போகாத இடத்தில் எங்கள் படகு

நடுத்திட்டுக் குப்பம்
பழவேற்காடு வழி
6.7.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நைனா, அம்மா, நான், நம் கோழிகள் எல்லோரும் நன்றாக இருக்கிறோம். அங்கே மலைக்குளிர் எப்படி? பூட்ஸ் கடித்த கொப்புளம் ஆறியதா? ஞாயிற்றுக்கிழமை நைனாவின் போனில் நீ கூப்பிட்டபோது அம்மா அழுது முடிப்பதற்குள் உன் நேரம் முடிந்துவிட்டது. என்னிடம் கொடுத்திருந்தாலும் நான் 'ம்' என்பதைத் தாண்டியிருக்க மாட்டேன். உனக்குத்தான் தெரியுமே. அதனால்தான் எழுதுகிறேன். எட்டாம் வகுப்பில் நின்றவளின் எழுத்து என்று அங்கே யாரிடமும் காட்டிச் சிரிக்காதே. கொரோனாவில் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். திறந்தபோது எனக்குத்தான் உள்ளே போக வெட்கமாகிவிட்டது.

இப்போது விஷயம். ராணுவத்தில் போன் கூடாது என்று உன் போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாயே, அதை நான் உடைக்கவில்லை. அதில் ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன்! ஓர் ஆப் இருக்கிறது அண்ணா. நாம் என்ன வேண்டும் என்று தமிழில் எழுதினால் போதும், அதுவே படம் செய்து கொடுக்கிறது. ஏஐ என்கிறார்கள். எங்கேயோ இருக்கிற படத்தைத் தேடிக் கொடுப்பதில்லை, புதிதாகச் செய்கிறது. 'கோழி கப்பல் ஓட்டுகிறது' என்று எழுதினேன். ஒரு வட்டம் சுற்றியது. நம் சிவப்புக் கோழி போலவே ஒன்று, தலையில் தொப்பியோடு, சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது! நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அம்மா ஓடி வந்து, "இன்னாடி, பேய் கீய் புட்ச்சிக்கிச்சா?" என்று கேட்டாள்.

ஒரு நாளைக்குக் கொஞ்சம் படம்தான் ஓசி. அப்புறம் மறுநாள் வரை காத்திருக்க வேண்டும். வீட்டுக்குள் சிக்னல் இல்லை, அதனால் ஐஸ் பெட்டி மேல் ஏறி நிற்கிறேன். இறால் உரிக்கிற வேலையை முடித்துவிட்டுத்தான் நிற்கிறேன், திட்டாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். வெந்நீர் கொடுத்தால் வாங்கிக் குடி.

உன் தங்கை
கஸ்தூரி


நீலகிரி
27.7.2025

அன்புத் தங்கை கஸ்தூரிக்கு,

நான் சுகம். கொப்புளம் போய், அந்த இடத்தில் தோல் தோணிப் பலகை மாதிரி ஆகிவிட்டது. இங்கே ஆடி மாதத்திலும் வாயைத் திறந்தால் புகை வருகிறது. நைனாவின் முதுகுவலி எப்படி? அம்மாவிடம் நான் மூன்று வேளையும் சாப்பிடுகிறேன் என்று சொல். உண்மையும் அதுதான். ஆனால் மீன் என்று ஒன்றைக் கண்ணில் காட்டுவதில்லை.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வீட்டில் பத்து நாளில் பேசுவதை ஒரு தாளில் பேசியிருக்கிறாய். கோழியெல்லாம் சரி. நம் ஏரியைச் செய்யச் சொல் பார்ப்போம். பக்கத்துக் கட்டிலில் தர்மபுரிப் பையன் ஒருத்தன். "உங்க ஊரு ஏரின்னா எங்க ஊரு ஏரி அளவு இருக்குமா?" என்கிறான். அவன் வாயை அடைக்க வேண்டும். நம் படகு, நைனா, வலை நிறைய மீன். அப்படி ஒன்று செய்து, பிரிண்ட் போட்டு அனுப்பு.

உன் அண்ணன்
தேவேந்திரன்


நடுத்திட்டுக் குப்பம்
10.8.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் சுகம். நைனா முதுகுக்குத் தைலம் தேய்க்கிறோம், பரவாயில்லை. மீன் இல்லாமல் நீ எப்படிச் சோறு இறக்குகிறாய் என்று அம்மாவுக்குத்தான் தொண்டை அடைக்கிறது.

நீ சொன்ன படம் இன்னும் வரவில்லை. ஆனால் அதற்குள் எனக்கு எவ்வளவோ தெரிந்துவிட்டது!

'பழவேற்காடு ஏரியில் மீன் பிடிப்பவர்' என்று எழுதினேன். பனிமலை, தாமரைப்பூ, நடுவில் வெள்ளைக்காரன் மாதிரி தொப்பி போட்ட ஒருவர் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தார். 'மலை வேண்டாம்' என்று எழுதினேன். மலை இரண்டாகிவிட்டது! 'மலையே இருக்கக் கூடாது' என்றேன். அடுக்கடுக்காக மலை! எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகுதான் புரிந்தது. அதனிடம் எதை வேண்டாம் என்று சொல்கிறோமோ அந்தப் பெயரே அதன் காதில் விழக் கூடாது. மலை என்ற சொல்லையே விட்டுவிட்டு, 'தட்டையான தண்ணீர், தண்ணீர் முடியும் இடத்தில் வானம்' என்று எழுதினேன். மலை போய்விட்டது அண்ணா! ஐஸ் பெட்டி மேலேயே குதித்தேன்.

அம்மாவையும் செய்தேன். தண்ணீரில் உட்கார்ந்து கையால் இறால் தடவுகிற மாதிரி. முகம் மட்டும் வெள்ளை வெளேர் என்று, காதில் ஜிமிக்கியோடு வந்தது. அம்மா பார்த்துவிட்டு, "யார்டி இவ? இறால் புடிக்க வந்தாளா, பொண்ணு பாக்க வந்தவங்களுக்குக் காபி குடுக்க வந்தாளா?" என்றாள். நம் நிறத்தை ஒவ்வொரு முறையும் எழுத வேண்டியிருக்கிறது. எழுதாவிட்டால் எல்லோரையும் வெளுத்துவிடுகிறது. வலை கொசுவலை மாதிரி வருகிறது. நாரைக்கு மூன்று கால் வந்தது. அதற்கே கொஞ்சம் வெட்கமாக இருந்த மாதிரி நின்றது.

பொறு. விடமாட்டேன்.

உன் தங்கை
கஸ்தூரி


நடுத்திட்டுக் குப்பம்
31.8.2025

அண்ணா!

சுகம் விசாரிக்கப் பொறுமை இல்லை, முதலில் உறைக்குள் இருக்கும் படத்தைப் பார். பார்த்துவிட்டாயா? இப்போது சொல், சுகமா?

எப்படிச் செய்தேன் தெரியுமா? நம் உண்மையான படகை ஒரு போட்டோ எடுத்துக் கொடுத்தேன். நைனா வலை பிரித்துக்கொண்டிருக்கும்போது அவருக்குத் தெரியாமல் ஒன்று எடுத்துக் கொடுத்தேன். 'இந்தப் படகில் இவர் நிற்கட்டும், காலை வெளிச்சம், வலையில் மடவை மீன் நிறைய, சுற்றிலும் வலைக்கு ஊன்றிய கம்புகள்' என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். நீலமும் மஞ்சளும் அப்படியே நம் படகு! பின்னால் வெறும் வானமாக இருந்தது. ஏதாவது வேண்டும் என்று தோன்றியது. லைட் ஹவுஸை நடுவில் வைத்து, அதன் வலது பக்கம் உடைந்த படகுத்துறைத் தூண் இரண்டையும் வைக்கச் சொன்னேன். அழகாக இருக்கிறதல்லவா?

பஜாரில் பிரிண்ட் போடும் கடைக்காரர், "யாரும்மா எடுத்தது? ஷோக்கா கீது!" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வழியெல்லாம் படகில் உறையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தேன், தண்ணீர் தெறித்துவிடும் என்று.

நைனாவிடம் காட்டினேன். வெகு நேரம் பார்த்தார். "எனுக்கு இவ்ளோ மீனு எப்படா வந்துச்சு?" என்றார். சிரித்தார் அண்ணா.

நீ சுகமாக இருக்க வேண்டும் என்று அம்மா வெள்ளிக்கிழமைதோறும் விளக்கு வைக்கிறாள்.

கஸ்தூரி


நீலகிரி
14.9.2025

அன்புத் தங்கைக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்கள் எல்லோரும் அப்படியே இருக்க வேண்டும்.

படம் வந்த அன்று பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டிவிட்டேன். நடந்ததைத்தானே நீ படமாகச் செய்திருப்பாய், நைனாவுக்கு இந்த வருடம் இப்படி மீன் விழுந்ததைப் பார்த்து எனக்கு அப்படி ஒரு நிம்மதி. ஆனால் ஒன்று புரியவில்லை. கொம்படியில் நமக்கு எப்போது முறை வந்தது? நாலு வருடமாகக் குலுக்கலில் நமக்குக் கொம்படி விழவே இல்லையே? யாராவது மாற்றிக் கொடுத்தார்களா?

தர்மபுரிக்காரன் என் பக்கத்தில் நின்று, "கொம்படின்னா இன்னா? எல்லாம் தண்ணியாத்தானே இருக்கு?" என்றான். லைட் ஹவுஸுக்கு வலது பக்கம் தூண் இரண்டும் தெரிந்தால் படகு நிற்பது கொம்படி. தூண் லைட் ஹவுஸுக்குப் பின்னால் மறைந்தால் அது ஓடை. எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும் என்றேன். அவன், "ஏரியில யாரு வேணா எங்க வேணா வலை போடலாமே, இதுல இன்னாய்யா முறை?" என்று கேட்டான். பாடு என்றால் என்ன என்று அவனுக்குச் சொல்லிப் புரிய வைப்பதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்கள். வருடத்துக்கு ஒரு குலுக்கல், எந்த நாள் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று அதில் முடிவாகும், அடுத்தவன் முறையில் கை வைத்தவனுக்கு அடுத்த குலுக்கலில் பெயர் இல்லை என்றேன். "உங்க ஊரு ராணுவத்தைவிட மோசம்" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டான்.

தேவேந்திரன்


நடுத்திட்டுக் குப்பம்
28.9.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகம் என்பது உன் கடிதத்திலேயே தெரிந்தது. ஐயோ அண்ணா, நீயே ஏமாந்துவிட்டாயா! அந்த மீன் நிஜ மீன் இல்லை! நைனா கொம்படிக்குப் போகவே இல்லை! நீதானே 'வலை நிறைய மீன்' என்று கேட்டாய்? எந்த இடம் என்று நான் யோசிக்கவே இல்லை. லைட் ஹவுஸ் அழகு என்று வைத்தேன், அவ்வளவுதான்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? இந்த ஏரியிலேயே பிறந்தவன் கண்ணையே என் படம் ஏமாற்றிவிட்டது! அந்தச் சந்தோஷத்தில் வெள்ளிக்கிழமை அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டேன். எனக்கென்று யார் இருக்கிறார்கள், யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். அது உன் நம்பர் என்பதை மறந்தே போனேன். ஊரே பார்த்துவிட்டது! உன் சேக்காளி லோகநாதன் அண்ணன் கைதட்டும் பொம்மை அனுப்பினார். வேறு யாரோ தீ பொம்மை. பெருமாள் மாமாகூடப் பார்த்திருக்கிறார். அவர் ஒன்றும் அனுப்பவில்லை.

நான் செய்தேன் என்று யாருக்கும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். ஆனால் உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் கஸ்தூரி


நடுத்திட்டுக் குப்பம்
19.10.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். நாளை தீபாவளி. மழை பெய்கிறது. அம்மா அதிரசம் சுடவில்லை, மாவு ஈரமாகிவிட்டது. நைனா சுகம். கோழி ஒன்று அடைகாக்கிறது.

படம் எதுவும் செய்யவில்லை. மழையில் ஐஸ் பெட்டி வழுக்குகிறது.

நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

கஸ்தூரி


நீலகிரி
2.11.2025

கஸ்தூரிக்கு,

நான் சுகம்தான். நீங்கள் சுகம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

இன்று லோகநாதனுக்குப் போன் செய்தேன். எல்லாம் சொன்னான். உன் படத்தைப் பெருமாள் மாமா ஊர்க்கூட்டத்தில் காட்டியிருக்கிறார். அந்த வெள்ளிக்கிழமை கொம்படி அவர்கள் முறை. அன்று அவர்களுக்கு ஒன்றும் விழவில்லை. "விடிஞ்சும் விடியாமலே தேசப்பன் வந்து வாரிக்கினு பூட்டான், த்தோ அவன் புள்ள போன்லயே போட்டுக்கீறான் பாரு" என்று சொல்லியிருக்கிறார். நைனா, "நான் போகல" என்று மட்டும் சொன்னாராம். "அப்போ இந்தப் படம் யாரு எடுத்தது?" என்று தலைவர் தெய்வசிகாமணி கேட்டதற்கு வாயே திறக்கவில்லையாம். கார்த்திகைக் குலுக்கலில் நைனா பெயர் கிடையாது என்று முடிவு செய்துவிட்டார்களாம்.

ஒரு வருடம் முழுக்கப் பாடு இல்லாமல் நைனா என்ன செய்வார்? யார் படகிலாவது கூலிக்குப் போவாரா? நீ எனக்குக் கோழி அடைகாக்கிறது என்று எழுதுகிறாய்!

உன்னைத் திட்டவில்லை. படம் கேட்டவன் நான்தான். லீவு கேட்டிருக்கிறேன். நான் வந்து சொல்லிக்கொள்கிறேன். நீ கூட்டத்துக்குப் போகாதே. உன்னால் அது முடியாது, அங்கே உன்னை அழ வைத்துவிடுவார்கள். நான் வரும்வரை பொறு.

அண்ணன்


நடுத்திட்டுக் குப்பம்
16.11.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகமாக இருக்கிறாயா? நாங்கள் இப்போது உண்மையிலேயே சுகம். போன கடிதத்தில் சுகம் என்று எழுதியது பொய். உனக்கு எழுதி என்ன ஆகும், அங்கிருந்து நீ எப்படி வருவாய் என்று விட்டுவிட்டேன்.

'கூட்டத்துக்குப் போகாதே' என்ற உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. நான் முந்தாநாளே போய்விட்டேன்!

நைனா ஏன் வாயைத் திறக்கவில்லை தெரியுமா? அம்மா கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள். "படம் செஞ்சது உன் பொண்ணுன்னு சொல்ல வேண்டியதுதானே? வாயில இன்னா கொழுக்கட்டையா?" என்றாள். நைனா, "கல்யாணத்துக்கு நிக்கிற பொண்ணு பேரை ஊர்க்கூட்டத்துல இழுக்கச் சொல்றியா? பாடு போனா போவுது" என்றார். நான் கோழிக்கு நொய் போடுவது போல வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போதே முடிவு செய்துவிட்டேன். ஆனால் முடிவு செய்து ஒரு வாரம் வரைக்கும் கால் எழவில்லை.

முந்தாநாள் சாயங்காலம் கோயில் வாசலில் கூட்டம். நைனா வரவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். எல்லாம் ஆண்கள். தலைவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, "தேசப்பன் பொண்ணா இது? இது பேசுமா?" என்றார். சிரித்தார்கள். அம்மா, "படம் இவ பண்ணது. எப்டி பண்ணான்னு காட்டுவா. குந்திப் பாருங்க" என்று சொல்லிவிட்டு என் முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள்.

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆனால் போன் கையில் இருந்தது. நேராகப் பெருமாள் மாமா முன்னால் போய் நின்று அவரை ஒரு போட்டோ எடுத்தேன்.

"ஏய், இன்னா பண்ற?"

நான் எழுத ஆரம்பித்துவிட்டேன். எழுதும்போது எனக்குப் பயம் இல்லை, ஐஸ் பெட்டி மேல் நிற்பது போலவே இருந்தது. 'இவர் படகில் தனியாக, வலை நிறைய மடவை, பின்னால் தூரத்தில் புகைக்கூண்டு இரண்டு, பக்கத்தில் சாய்ந்த ஒற்றைப் பனை.' அதுதான் பனைமேடு. அன்றைக்குப் பனைமேடு தலைவர் வீட்டு முறை.

வட்டம் சுற்றியது. சிக்னல் போனது. கையைத் தூக்கிப் பிடித்தேன். கோயில் படி மேல் ஏறினேன். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள் அண்ணா. வந்தது! ஆனால் பெருமாள் மாமாவின் வழுக்கைத் தலையில் சுருட்டை முடி! பக்கத்தில் எட்டிப் பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் அழிக்கப் போனேன். மாமா, "இரு இரு, அத்த அழிக்காத" என்றார். இன்னொரு முறை 'தலையில் முடி இல்லாமல்' என்று எழுதாமல், 'வழவழப்பான தலை' என்று எழுதினேன். சரியாக வந்தது.

தலைவரிடம் நீட்டினேன். பார்த்தார். முகம் மாறியது. "டேய் பெருமாளு! பனைமேட்டுல உனுக்கு இன்னாடா வேலை? இன்னிக்கு அங்க எங்க முறை ஆச்சே!"

"அண்ணே, நான் இங்கதானே உன் எதுருல குந்திக்கினு கீறேன்!"

"அப்போ இது யாரு? உன் தாத்தனா? த்தோ பனை கீது, கூண்டு கீது!"

"ஐயோ, அது அந்தப் பொண்ணு போட்டுச்சு அண்ணே! நான் போகலண்ணே!"

இதைச் சொன்னதும் அவரே வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் வந்த சிரிப்பு இருக்கிறதே, ஏரிக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். ஆளுக்கு ஆள் போனைப் பிடுங்கிப் பார்த்தார்கள். "என்னையும் ஒண்ணு போடு, திமிங்கலம் புடிக்கிற மாதிரி" என்றார் ஒருவர். தலைவர் எல்லோரையும் அடக்கி, இனிமேல் பாடு வழக்குக்குப் போன் படம் சாட்சி இல்லை, கண்ணால் பார்த்த ஆள்தான் சாட்சி என்றார். நைனா பெயர் திரும்பக் குலுக்கலில் சேர்ந்துவிட்டது.

கூட்டம் கலைந்ததும் பெருமாள் மாமா மெதுவாக என் பக்கத்தில் வந்தார். "அந்த மொத படம்... முடி வெச்சது. அத்த எனுக்கு அனுப்பிடு" என்றார்.

நான் அங்கே ஒரு சொல்கூடப் பேசவில்லை. ஆனால் வீட்டுக்கு ஓடியே வந்தேன்.

கஸ்தூரி


நீலகிரி
26.11.2025

என் தங்கச்சிக்கு,

நான் சுகமோ சுகம். உன் கடிதத்தை இந்த முறை அறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன், கோபித்துக்கொள்ளாதே. பெருமாள் மாமாவின் முடி வந்த இடத்தில் இரண்டு முறை நிறுத்த வேண்டியதாயிற்று. தர்மபுரிக்காரன், "உன் தங்கச்சியை இங்க அனுப்பச் சொல்லு, எங்க ஹவில்தாருக்கும் முடி வைக்கணும்" என்கிறான்.

லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அது தெரிந்த அன்று சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் உன் கடிதம் வந்தது. உன்னால் முடியாது என்று எழுதிய கையை நானே அடித்துக்கொண்டேன்.

நைனா என்ன சொன்னார்? நீ எழுதவே இல்லையே. ஊர் முழுக்க எழுதியிருக்கிறாய், அவரை விட்டுவிட்டாய். குலுக்கல் என்றைக்கு?

தேவேந்திரன்


நடுத்திட்டுக் குப்பம்
8.12.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

அங்கே பனி விழுகிறதா? காதுக்குத் துணி கட்டிக்கொள். இங்கே ஒரு வாரம் விடாத மழைக்குப் பிறகு இன்றுதான் வெயில்.

நைனாவைப் பற்றி நீ கேட்டது சரிதான். நான் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. அன்றைக்குக் கூட்டத்திலிருந்து ஓடி வந்து, "நைனா, உன் பேரு சேத்துட்டாங்க!" என்று சொன்னேன். அவர் சந்தோஷப்படவில்லை. வலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "இவனுங்களோட நாப்பது வருஷமா ஒரே தண்ணியில நிக்கிறேன். நான் போகலன்னு சொன்னேன், நம்பல. போன் சொல்லிச்சு, போனேன்னு நம்பனானுங்க. இப்போ போன் சொல்லிச்சு, போகலன்னு நம்புறானுங்க. என் பேச்சு எங்கடா போச்சு?"

குலுக்கலுக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அம்மா கெஞ்சினாள். தலைவரே வீட்டுக்கு வந்து, "தப்பு நடந்துபூட்ச்சி தேசப்பா, பெரிய மனசு பண்ணு" என்றார். நைனா அவருக்கு டீ கொடுத்தார், மழையைப் பற்றிப் பேசினார், வருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

நேற்றுக் குலுக்கல். உனக்கு வழக்கம் தெரியும். பெயரைப் படித்ததும் "கீறேன்" என்று குரல் கொடுத்து, வீட்டு அடையாளத்தைப் பானையில் போட வேண்டும். மூன்று முறை கூப்பிட்டும் குரல் வராவிட்டால் அந்த வருடம் பாடு இல்லை. நானும் அம்மாவும் கோயில் சுவரோரம் பெண்களோடு நின்றோம். ஒவ்வொருவராகக் குரல் கொடுத்தார்கள், ஒருவர் சிப்பி போட்டார், ஒருவர் கயிற்று முடிச்சு, ஒருவர் பனங்கொட்டை.

"தேசப்பன்!"

யாரும் பேசவில்லை.

"தேசப்பன்!"

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஆண்கள் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். என் கையில் போன் இருந்தது. அதில் எழுதி என்ன அண்ணா செய்வது? எந்தப் படமும் குரல் கொடுக்காதே. அதை அம்மா கையில் திணித்தேன்.

"தேசப்பன்! மூணாவது வாட்டி!"

"கீறோம்!"

என் குரல்தான் என்று எனக்கே கொஞ்சம் பிறகுதான் தெரிந்தது. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. யாரோ, "பொம்பளப் புள்ள குரல் குடுத்தா செல்லுமா?" என்றார்கள். தலைவர், "பொறந்ததுலேருந்து பேசாத பொண்ணு பேசிக்கீது. செல்லாதுன்னு நீயே வந்து அதுகிட்ட சொல்லு" என்றார். யாரும் வரவில்லை. "அடையாளம் போடும்மா" என்றார்.

என்னிடம் அடையாளம் எங்கே இருக்கிறது? நம் வீட்டு ஈயக்குண்டு நைனாவின் இடுப்புச் சுருக்குப் பையில் இருக்கிறது. நான் வெறுங்கையோடு பானை முன்னால் நின்றேன். அப்போது பின்னால் சலசலப்பு. நைனா வந்திருந்தார் அண்ணா! எப்போது வந்தார் என்று தெரியாது. தெரு முனையில், படகு இழுக்கிற கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, வழியோடு போகிறவர் போல நின்றார். முன்னால் வரவில்லை. சுருக்கை அவிழ்த்து ஈயக்குண்டை எடுத்து, பக்கத்தில் நின்றவர் கையில் கொடுத்தார். அவர் முன்னால் நின்றவரிடம் கொடுத்தார். அப்படியே கைமாறிக் கைமாறி வந்தது. கடைசியில் பெருமாள் மாமா கைக்கு வந்தது. அவர் அதைத் தன் துண்டில் துடைத்து என்னிடம் கொடுத்தார்.

போட்டேன்.

நமக்குக் கொம்படி விழவில்லை, ஓடைதான் விழுந்திருக்கிறது. மீன் குறைவு, சேறு அதிகம். நைனா இன்று விடிந்ததிலிருந்து ஓடைக்கு ஏற்ற மாதிரி கம்பு சீவிக்கொண்டிருக்கிறார். நான் பக்கத்தில் போய் நின்றேன். "இன்னா நிக்கிற? அந்த முனையைப் புடி" என்றார். பிடித்தேன்.

மற்றபடி நைனா சுகம், அம்மா சுகம், குஞ்சுகள் சுகம். எனக்கு மட்டும் தொண்டை கட்டியிருக்கிறது. ஒரே ஒரு சொல்தான் சொன்னேன், அதற்கே இப்படி. அம்மா மிளகுக் கஷாயம் வைத்திருக்கிறாள். குடித்துவிட்டு நாளைக்கு நன்றாகப் பேசுவேன்.

உன் தங்கை
கஸ்தூரி